போன காரியம் என்ன ஆயிற்று?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு உயர்தர வகுப்பு மாணவிகளும் பழைய மாணவிகளும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



விழாக் குழுவினர் முதலில் எனக்குத் தந்த தலைப்பு ‘பெண்களும் தகவல் தொழினுட்பமும்’ என்பது. அந்தத் தலைப்பில் நான் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், எனக்கும் தூக்கம் வந்துவிடும். ஆகவே சிறியதொரு தலைப்புக் கேட்டேன். ஒரேயொரு வழுச் செய்தியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. கணினிப் பக்கமே போகாத அக்காமார் பயப்பட வேண்டாம். இது கடைசியில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விடயத்தில்தான் வந்து முடியும்.

நாம் எழுதும் செய்நிரலைக் கணினி நேரடியாக விளங்கிக்கொள்வதில்லை. இடையில் கொம்பைலர் என்றொரு மென்பொருள் இருந்து, நாம் எழுதியதை வாசித்து, பிழை பார்த்து, கணினியின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறது. தமிழில் அதைத் தொகுப்பி என்கிறோம். இந்த வேலையின் ஆரம்பகால முயற்சிகளுள் ஒன்றான ஏ-0 என்பதை 1952 அளவில் ஆக்கியவர் கிரேஸ் ஹொப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி. அமெரிக்கக் கடற்படையில் சேர்வதற்கு முன் அவர் வாஸர் என்ற பெண்கள் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர். ஆக, கொம்பைலரின் கதையின் தொடக்கத்திலேயே ஒரு பெண்கள் கல்லூரியின் கணித ரீச்சர் இருக்கிறார். இதைச் சொல்லாமல் இந்த மண்டபத்தில் என்னால் மேலே போக முடியாது.

இனி, எங்கள் கணித ரீச்சரைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன். என் வயதுக்காரருக்கு யாரென்று தெரியும். ஒன்பதாம் ஆண்டில் ஒரு நாள், மேல்மாடியில் விஞ்ஞான ஆய்வுகூடம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஓடி வந்தேன், என் வாங்கில் அமர்ந்துவிட்டேன். ரீச்சர் சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளை, போன காரியம் என்ன ஆச்சு?” ஆய்வுகூடம் வெறுமையாகத்தான் இருந்தது என்றேன். “அதை வந்து சொல்லாவிட்டால் நீர் போனதும் ஒன்று, போகாததும் ஒன்று” என்றார். வகுப்பு சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வசனத்தின் முழு அர்த்தமும் விளங்க எனக்கு ஏறத்தாழப் பதினைந்து வருடம் எடுத்தது.

சி என்ற கணினி மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு செய்நிரலும் மெயின் என்ற பெயருடைய ஒரு சார்பிலிருந்து தொடங்கும். கணினி இயங்குதளம் மெயினை அழைக்கும். மெயின் தன் வேலைகளைச் செய்யும். முடிந்ததும் இயங்குதளத்திடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். அந்த எண் 0 என்றால் ‘போன காரியம் ஆயிற்று’ என்று பொருள். வேறெந்த எண் என்றாலும் ‘ஆகவில்லை’ என்று பொருள். வெற்றிக்கு ஏன் சுழியம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெற்றி ஒரே விதந்தான். தோல்விக்குப் பல விதங்கள் உண்டு. கோப்புக் காணவில்லை என்றால் 1, அனுமதி இல்லை என்றால் 2 என்று தோல்விகளுக்கு வெவ்வேறு எண்களை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். இவை நிறைவெண்கள். ஆங்கிலத்தில் இன்டிஜர், சி மொழியில் சுருக்கமாக இன்ட். அதனாலேதான் ‘இன்ட் மெயின்’ என்று எழுதுகிறோம். மெயின் என்ற தூதர் திரும்பி வரும்போது கையில் ஒரு நிறைவெண் கொண்டுவருவார் என்பதே அந்த இரண்டு சொற்களின் பொருள்.

இவ்வளவு எளிமையான விடயம் ஒரு பிள்ளையை எப்படி அழவைக்கும் என்று இப்போது சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். நான் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் படித்துப் போனவள். கணினியில் கைவைத்த நேரத்தை மணித்தியாலக் கணக்கில் சொல்லிவிடலாம். ஆய்வுகூடத்தில் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஓர் ஒப்படை. மாணவர் விவரத்தை வைத்திருக்கும் ஒரு வகுப்பை, அதாவது கிளாஸை, ஒரு தலைப்புக் கோப்பில் எழுதவேண்டும். மெயினை இன்னொரு கோப்பில் எழுதி, அதன் முதல் வரியில் தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். நான் எழுதினேன். கொம்பைல் செய்தேன். வந்த செய்திகளுள் இரண்டு இன்றும் எனக்கு மனப்பாடம். ஒன்று, ‘மிகையான இன்ட் புறக்கணிக்கப்பட்டது’. அதற்கு அடுத்தது, ‘மெயின் இன்ட்டைத்தான் திருப்பவேண்டும்’.

ஆங்கிலத்தில் வந்த முதற் செய்தியில் ‘எக்ஸ்ட்ரேனியஸ்’ என்றொரு சொல் இருந்தது. அது எனக்குத் தெரியாத சொல். பையிலிருந்த சிறிய அகராதியை மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். தேவையற்றது, புறம்பானது என்று இருந்தது. சரி, இன்ட் தேவையில்லையாம், எடுத்துவிடுவோம் என்று எடுத்தேன். எடுத்த பிறகும் மெயின் இன்ட்டைத் திருப்பவேண்டும் என்றது. திரும்பப் போட்டேன். தேவையில்லை என்றது. போட்டால் வேண்டாம், எடுத்தால் வேண்டும். கொம்பைலர் காட்டிய வரியை இருபது தடவை வாசித்திருப்பேன். ‘இன்ட் மெயின்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. விரிவுரையில் தந்த குறிப்பிலும் அப்படியேதான் இருந்தது.

பக்கத்து மேசைகளில் எல்லோருடைய திரையிலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது: பிழை செய்நிரலில் இல்லை, என்னில் இருக்கிறது. என் ஆங்கிலம் போதாது, என்னுடைய மூளை இதற்குரியதல்ல, கணிதத்துக்கே மாறிவிடலாம். அன்று பின்னேரம் பாடம் மாற்றும் விண்ணப்பப் படிவத்தை வாங்கி நிரப்பியும் விட்டேன். கையொப்பம் மட்டுந்தான் பாக்கி.

படிவத்துடன் நான் நிற்பதைப் பார்த்தவர் மூன்றாம் வருடத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. நம் கல்லூரிப் பழைய மாணவி. “என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். சொன்னேன். “நான் இன்ட் எண்டுதான் அக்கா எழுதியிருக்கிறன். அதையே திரும்பத் திரும்பக் கேக்குது.” அவர் என் மெயின் கோப்பைப் பார்க்கவேயில்லை. “உம்முடைய தலைப்புக் கோப்பைத் திறவும். கடைசி வரியைக் காட்டும்” என்றார். காட்டினேன். வகுப்பை மூடும் நெளி அடைப்பு இருந்தது. அதற்குப் பின்னால் வரவேண்டிய அரைப்புள்ளி இல்லை. அவ்வளவுதான். ஒரு அரைப்புள்ளி.

நடந்தது இதுதான். தலைப்புக் கோப்பைச் சேர்ப்பது என்றால் வேறொன்றுமில்லை. அந்தக் கோப்பில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் அப்படியே அந்த இடத்தில் கொண்டுவந்து ஒட்டுவதுதான். ஆகவே கொம்பைலரின் கண்ணுக்கு, வகுப்பின் கடைசி அடைப்பும் அதற்கு அடுத்த ‘இன்ட் மெயின்’ என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த சொற்கள். வகுப்பொன்றை எழுதி முடித்த கையோடு அந்த வகையிலேயே ஒரு மாறியை அறிவிக்க அந்த மொழி இடங்கொடுக்கிறது. அதனாலேதான் ‘இத்துடன் முடிந்தது’ என்று சொல்ல அரைப்புள்ளி வேண்டும். அது இல்லாதபடியால் வசனம் முடியவில்லை என்று கொம்பைலர் தொடர்ந்து வாசித்தது. ‘மாணவர் என்ற வகை, இன்ட் என்ற வகை, மெயின்’ என்று அதற்குப் பட்டது. ஒரு சார்புக்கு இரண்டு திருப்பும் வகைகள் இருக்க முடியாது. முதலில் வந்ததை வைத்துக்கொண்டு, இன்ட் மிகையானது என்று தள்ளிவிட்டது. இப்போது மெயின் திருப்புவது மாணவர் வகை என்றாகிவிட்டது. அது கூடாது, மெயின் இன்ட்டைத்தான் திருப்பவேண்டும் என்று அடுத்த செய்தி. நான் இன்ட்டை எடுத்தபோதும் மாணவர் வகை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கவனியுங்கள், பிள்ளைகள். இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போல இருந்தன. உண்மையில் இரண்டுமே சரியானவை. கொம்பைலர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொன்னது. பிழை இருந்தது ஒரு கோப்பில். அது வெளிப்பட்டது இன்னொரு கோப்பில். வீட்டுக் கூரையில் ஓடு உடைந்திருப்பது ஓரிடம், ஒழுக்குத் தெரிவது வேறிடம் என்பது போல.

இந்தக் குழி என் ஒருத்திக்காக வெட்டப்பட்டதல்ல. அன்ட்ரூ கோனிக் என்பவர் சி மொழியின் பொறிகளைப் பற்றி 1989இல் வெளியிட்ட நூலிலேயே இந்த விடுபட்ட அரைப்புள்ளி இருக்கிறது. பழைய சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். 1978இல் பிரையன் கேர்னிகானும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதற் பதிப்பில் மெயினுக்கு முன்னால் எதுவுமே எழுதுவதில்லை. வகை எழுதாவிட்டால் அது இன்ட் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஆகவே மேலே உள்ள கட்டமைப்பின் அரைப்புள்ளி விடுபட்டால், கொம்பைலர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மெயினுக்கு அந்தக் கட்டமைப்பையே திருப்பும் வகையாக்கிவிடும். செய்நிரல் ஓடும், சரியான விடையையும் கொடுக்கும், முடியும் வேளையில் விழுந்துபோகும். எல்லாம் நன்றாக நடந்து கடைசியில் ஏன் விழுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர். அந்த எழுதப்படாத ஒப்பந்தத்தை 1999ஆம் ஆண்டின் சி நியமம் நீக்கியது. இன்றைய கொம்பைலர்கள் பெரும்பாலும் ‘வகுப்புக்குப் பின்னால் அரைப்புள்ளி எங்கே?’ என்று நேராகவே கேட்கின்றன. நான் அழுத அழுகையை நீங்கள் அழ வேண்டியதில்லை. உங்களுக்கென்று வேறு அழுகைகள் வைத்திருக்கிறார்கள்.

அவற்றுள் முதலாவது ‘வொயிட் மெயின்’. வொயிட் என்றால் ஒன்றுமில்லை. எதையும் திருப்பாத சார்பு. டேர்போ சி என்ற பழைய மென்பொருளை வைத்துப் படிப்பித்த காலத்தில் நம் பக்கத்துப் புத்தகங்களிலும் ரியூசன் குறிப்புகளிலும் அப்படித்தான் இருந்தது. டேர்போ சி அதை ஏற்றுக்கொண்டது. மெயின் கொண்டுவரும் எண்ணை அந்த வகுப்பறைகளில் எவரும் கேட்கவுமில்லை. பிறகு அதே செய்நிரலை ஜி.சி.சி. கொம்பைலரிடம் கொடுத்தால் மூன்று விதமாக நடக்கும். சி மொழி என்றால் வழமையில் மௌனமாக விட்டுவிடும். எல்லா எச்சரிக்கைகளையும் காட்டு என்று கேட்டால், மெயினின் திருப்பும் வகை இன்ட் அல்ல என்று எச்சரிக்கும்; ஆனாலும் ஓடவிடும். சி பிளஸ் பிளஸ் என்றால் வழு என்று நிறுத்தியே விடும். ஒரே செய்நிரல்; ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் எச்சரிக்கை, வேறோரிடத்தில் வழு. ரியூசன் அண்ணாவின் கணினியில் ஓடியது என்னுடையதில் ஏன் ஓடவில்லை என்று பிள்ளை குழம்புவாள். அவளில் குற்றமில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியை ஆக்கிய பியானே ஸ்ட்ரோஸ்ட்ரப் அவர்களே, வொயிட் மெயின் ஒருபோதும் அந்த மொழியில் இருந்ததில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். சலவை இயந்திரத்துக்குள்ளோ கதவு மணிக்குள்ளோ இருக்கும் சிறிய கணினிகளில் இயங்குதளம் என்றே ஒன்று இருக்காது. திரும்பிப் போய்ச் சொல்ல அங்கே ஆளில்லை. அங்கே மெயின் ஒருபோதும் திரும்புவதுமில்லை. அந்த இடங்களில் வொயிட் மெயின் எழுதுபவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

சாதாரண கணினியில் வொயிட் மெயின் எழுதினால் என்ன ஆகும்? மெயின் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒன்பதாம் ஆண்டில் நான் செய்தது போல. ஆனால் இயங்குதளம் கேட்காமல் விடாது. வழமையாக விடை இருக்கும் இடத்தில் கையைவிட்டு, அங்கே என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ‘ஹலோ, வேர்ல்ட்’ என்று ஒரு வரியை மட்டும் அச்சிடும் செய்நிரலை இப்படி எழுதினால் பல கணினிகளில் விடையாக 13 வரும். ஏன் 13? கடைசியாக அச்சிட்ட சார்பு, தான் அச்சிட்ட எழுத்துருக்களின் எண்ணிக்கையை அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும். ஆங்கில எழுத்து, காற்புள்ளி, இடைவெளி, வரிமுடிவு எல்லாம் சேர்த்து எண்ணிப் பாருங்கள், 13 வரும். செய்நிரல் வெற்றி, ஊருக்குத் தெரிவது தோல்வி.

இரண்டாவது குழப்பம் மொழி மாறும்போது வருவது. நம் பிள்ளைகள் சாதாரண தரத்தில் பாஸ்கல் படிக்கிறார்கள், உயர்தரத்தில் பைதன். பாஸ்கலில் மெயின் என்ற சார்பு இல்லை. பிகின், எண்ட், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. பைதனில் முதல் வரியிலிருந்தே ஓடத் தொடங்கலாம். பிறகு பல்கலைக்கழகம் போனால் சி மொழி வந்து மெயின் இன்ட்டைத் திருப்பவேண்டும் என்கிறது. அடுத்த தவணை ஜாவா வந்து மெயின் வொயிட்டைத்தான் திருப்பவேண்டும் என்கிறது. அங்கே இன்ட் என்று எழுதினால் கொம்பைலர் தடுக்காது. சாதாரணமான ஒரு சார்பு என்று நினைத்து விட்டுவிடும். ஓடவைக்கும்போதுதான் செய்தி வரும். கோ மொழியோ மெயினுக்கு உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை என்கிறது. ரஸ்ட் மொழியில் 2018இலிருந்து மெயின் ‘சரி’ அல்லது ‘இன்ன வழு’ என்ற இரண்டில் ஒன்றைத் திருப்பலாம். இவற்றுள் எது சரி என்று சண்டை பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம். வொயிட் என்று எழுதும் ஜாவாவிலும், தோல்வியை வெளியே சொல்ல வேறு வழி வைத்திருக்கிறார்கள். சொல்லும் விதம் வேறு. சொல்லவேண்டும் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

மூன்றாவது, ‘மெயின் என்ற பெயர் எங்கும் வரையறுக்கப்படவில்லை’ என்ற செய்தி. இது கொம்பைலர் சொல்வதல்ல. அதற்குப் பின்னால் துண்டுகளை ஒன்று சேர்க்கும் லிங்கர் சொல்வது. ஆகவே வரி இலக்கம் இருக்காது. மெயின் என்பதை எழுத்து மாறி ‘மியன்’ என்று தட்டச்சிட்டிருப்பீர்கள். அல்லது முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பீர்கள். அல்லது கோப்பைச் சேமிக்கவே மறந்து, வெறுங் கோப்பைக் கொம்பைல் செய்திருப்பீர்கள். கடைசியாகச் சொன்னதைப் போன மாதமும் நான் செய்தேன். விண்டோஸ் கணினியில் இதே தவறுக்கு ‘வின்மெயின்’ காணவில்லை என்று செய்தி வரும். வின்மெயின் என்று ஒன்றை எழுத வேண்டுமாக்கும் என்று பிள்ளைகள் தேடிக்கொண்டு போவார்கள். தேட வேண்டாம். முதலில் மெயினுக்கு எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காம் வருடம். ஒரு வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு ஒவ்வொரு இரவும் மாற்றும் வேலை. செய்நிரலை எழுதியவள் நான். ஒரு கட்டுக்கு 256 பதிவுகளாக அனுப்பும். எத்தனை பதிவுகள் தவறின என்ற எண்ணிக்கையை மெயின் திருப்பும். எனக்கு அதில் ஒரு பெருமை: வெறும் ஆம், இல்லை என்று சொல்லாமல் எண்ணிக்கையே கொடுக்கிறேன் என்று. சுழியம் வந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. பழைய கணினியிலிருந்து அந்தக் கட்டை அழித்துவிடலாம். வேறெந்த எண் வந்தாலும் நிறுத்திவிட்டு எங்களை எழுப்பவேண்டும். மாதக் கணக்கில் பிசகில்லாமல் நடந்தது. மூன்று தவறினால் 3 வந்தது, எழும்பிப் பார்த்தோம்.

ஓரிரவு புதிய கணினிக்கான இணைப்பு முழுதாக அறுந்துவிட்டது. ஒரு கட்டின் 256 பதிவுகளும் தவறின. மெயின் 256 என்று திருப்பியது. ஆனால் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அழைத்தவரிடம் போய்ச் சேர்வது அந்த எண்ணின் கடைசி எட்டு இருமங்கள் மட்டுமே. 0 முதல் 255 வரைதான் அதற்குள் அடங்கும். 256 என்பது அங்கே சுழியம். ‘போன காரியம் ஆயிற்று’ என்று கேட்டது, கட்டு அழிக்கப்பட்டது. அடுத்த கட்டும் அப்படியே. 255 தவறியிருந்தால் பிடிபட்டிருக்கும். எல்லாமே தவறியபடியால் தப்பிவிட்டது.

காலையில் தெரிந்தது. பரிசோதனைக் கூடத்தில் கடதாசிப் பிரதிகள் இருந்தன. அதனால் மனிதருக்குத் தீங்கு வரவில்லை. ஆனால் அங்கே வேலை செய்த பெண்பிள்ளைகள் இருவர் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் கையால் திரும்பப் பதிந்தார்கள். நானும் பக்கத்தில் இருந்து பதிந்தேன். ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு பெயர், ஒரு வயது. அதுவரை எனக்கு அவை பதிவுகள். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரின் சீனி அளவை நான் கையால் அடித்தபோதுதான், என் மெயின் முந்தின இரவு யாருக்குப் பொய் சொன்னது என்று விளங்கியது. எங்கள் கணித ரீச்சரின் குரலும் அப்போதுதான் கேட்டது.

அன்றிலிருந்து என் மெயின் ஆனால் 0, ஆகாவிட்டால் 1 என்று மட்டுமே சொல்லும். எண்ணிக்கை, விவரம், காரணம் எல்லாம் தனியே குறிப்புக் கோப்பில் எழுதப்படும். அனுமன் இலங்கையிலிருந்து திரும்பிப் போய் இராமனிடம் பேசியதை நம் புலவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதற் சொல்லிலேயே முடிவு, கதையெல்லாம் பிறகு. அது நல்ல ஒழுங்கு.

முன்வரிசைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ள நான்கு விடயங்கள் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நாற்பது வழுக்கள் வந்தாலும் முதலாவதை மட்டும் வாசியுங்கள். ஒன்றைத் திருத்தி மீண்டும் கொம்பைல் செய்யுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள், தாயோடு போய்விடும். எனக்கு வந்த இரண்டு செய்திகளும் அப்படித்தான் போயின.

இரண்டாவது, காட்டிய வரியில் பிழை இல்லையென்றால் அதற்கு மேலே போங்கள். மேலே ஒன்றுமில்லை, சேர்த்த கோப்புத்தான் இருக்கிறது என்றால் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள்.

மூன்றாவது, சொல்வது யார் என்று பாருங்கள். கொம்பைலரா, லிங்கரா, ஓடவைக்கும் மென்பொருளா? வழுவா, எச்சரிக்கையா? எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் தெரிவை முதல் நாளிலிருந்தே போட்டுப் பழகுங்கள். ஓடுகிறது என்பதற்காக எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

நான்காவது, செய்நிரல் முடிந்ததும் அது என்ன சொல்லித் திரும்பியது என்று கேட்டுப் பாருங்கள். லினக்ஸ் முனையத்தில் எக்கோ என்று அடித்து, இடைவெளி விட்டு, டொலர்க் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து அடித்தால் அந்த எண் வரும். வேண்டுமென்றே தோற்கவைத்தும் ஒரு தடவை பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. மூன்று பதிவுகளைத் தோற்கவைத்துப் பார்த்தேனே தவிர, முழுக் கட்டையும் தோற்கவைத்துப் பார்க்கவில்லை.

இறுதியாக அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். அன்று அந்த மூன்றாம் வருட அக்கா எனக்காகச் செலவழித்தது ஐந்து நிமிடம். பெரிய உதவி ஒன்றுமில்லை. ஒரு கோப்பின் கடைசி வரியைப் பார்க்கச் சொன்னார். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் படிவத்தில் கையொப்பம் வைத்திருப்பேன். கணினி ஆய்வுகூடத்துக்கு நாம் பணம் அனுப்புகிறோம். நல்லது, தொடர்ந்து அனுப்புவோம். ஆனால் புதிய கணினியும் ஆங்கிலத்தில்தான் வழு சொல்லும். தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளை அதைத் தன் குறை என்றே எடுத்துக்கொள்வாள். ரொறன்ரோவிலிருந்தோ மெல்பேர்னிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மாதத்தில் ஒரு மணித்தியாலம் தொலைவழி வந்து, ‘பிள்ளை, செய்தியை வாசித்துக் காட்டும் பார்ப்போம்’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். கணினித் துறையில் உள்ளவர்கள்தான் வரவேண்டும் என்றும் இல்லை. அந்த ஆங்கில வசனத்தைப் பிரித்துப் பொருள் சொல்ல ஒரு மொழி ரீச்சரே போதும். அரைவாசி வழுக்கள் அங்கேயே தீரும். விருப்பமுள்ளவர்கள் இன்று போகுமுன் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். நான் என் பெயரை முதலாவதாகக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கல்லூரி நூறு வருடமாகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. போனவர்கள் இடைக்கிடை வந்து போன காரியம் என்ன ஆயிற்று என்று சொன்னால்தான் அனுப்பியவர்களுக்கும் ஆறுதல், அடுத்துப் போகிறவர்களுக்கும் வழி தெரியும். ஆனதையும் சொல்லுவோம்; ஆகாததையும் மறைக்காமல் சொல்லுவோம்.

ரீச்சர் இன்று இங்கே முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், மேல்மாடி ஆய்வுகூடத்தைக் காலையில் போய்ப் பார்த்தேன். இன்று அது வெறுமையாக இல்லை. பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.